கனடாப் பருப்பா, உள்ளூர் மாட்டிறைச்சியா: சுற்றுச்சூழலுக்கு எது குறைந்த சுமை?

கேள்வி – வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் நான் பணிபுரியும் அலுவலகத்தில் நூறு பேர் அளவில் ஒன்றாக மதிய உணவு உண்கிறோம். சமையலறையை நடத்தும் நலன்புரிச் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினர். வாரத்தில் இரண்டு நாட்கள் மாட்டிறைச்சிக் கறியோ ஆட்டிறைச்சிக் கறியோ சமைக்கப்படுகிறது. அவற்றுள் ஒரு நாளைப் பருப்பு, கடலை, பயறு, கௌபி போன்ற தாவரப் புரதத்துக்கு மாற்றலாம் என்று சென்ற கூட்டத்தில் முன்மொழிந்தேன். சிவப்பிறைச்சியால் சூழலுக்கு ஏற்படும் பாதிப்பு மிக அதிகம் என்பதையே காரணமாகக் கூறினேன்.

அதற்கு எழுந்த மறுப்பை எளிதில் ஒதுக்க முடியவில்லை. நாம் தினமும் உண்ணும் மைசூர் பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து, கடல் கடந்து வந்து, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவின் மொத்தக் கடைகளில் இறங்கி, அங்கிருந்து எங்கள் சமையலறைக்கு வருகிறது. மாடோ உலர்வலயத்தில் குளத்தோரத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் புல் மேய்ந்து வளர்ந்து, சில மணி நேர லொறிப் பயணத்தில் கொழும்பை அடைகிறது. அப்படியானால் உள்ளூர் இறைச்சியை விட்டுவிட்டு இறக்குமதிப் பருப்பை நாடுவது சூழலுக்கு எவ்வகையில் நன்மை என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். இணையத்தில் காணப்படும் எண்கள் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் உரியவை என்றும், அவற்றை நம் நாட்டு மாட்டின் மீது சுமத்தக்கூடாது என்றும் இன்னொருவர் கூறினார். குருதிச்சோகை உள்ள ஒரு தோழி, இறைச்சியைக் குறைத்தால் இரும்புச்சத்துக்கு என்ன வழி என்று வினவினார்.

அடுத்த கூட்டத்தில் மூவருக்கும் நேர்மையான விடை தர விரும்புகிறேன். விடயம் அறிந்தோர் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


மறுமொழி – களனிக்கரை

வணக்கம். முதலில் தூரத்தைப் பற்றிய மறுப்பை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பெரிய சரக்குக் கப்பல் ஒரு தொன் பொருளை ஒரு கிலோமீற்றர் தூரம் கொண்டுசெல்ல ஏறத்தாழ 10 முதல் 20 கிராம் வரை காபனீரொட்சைட்டை வெளியேற்றுகிறது. கனடாவின் மேற்குக் கரையிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி 15,000 கிலோமீற்றருக்கு மேல். எனவே ஒரு கிலோ பருப்பின் பங்கு 150 முதல் 300 கிராம் வரை அமையும். அந்த ஒரு கிலோவில் 240 கிராம் அளவில் புரதம் உண்டு. ஆக, 100 கிராம் புரதத்துக்குக் கப்பல் பயணம் சேர்ப்பது சுமார் 0.1 கிலோ மட்டுமே. விமானத்தில் வரும் பொருளானால் கணக்கு முற்றிலும் வேறாகும். ஆனால் பருப்பை எவரும் விமானத்தில் ஏற்றுவதில்லை.

இனி வளர்ப்பில் உண்டாகும் பாதிப்பைப் பார்ப்போம். பூர், நெமெசெக் ஆகிய இருவரும் 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டியது. அதன்படி 100 கிராம் புரதத்துக்கு உலகச் சராசரியாக வெளியாகும் பச்சைவீட்டு வாயு, காபனீரொட்சைட்டுச் சமவலுவில் (எல்லா வாயுக்களின் சூடாக்கும் திறனையும் காபனீரொட்சைட்டின் அளவாக மாற்றிக் கணக்கிட்டால்), இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டில் 50 கிலோ, பால்மாட்டு மந்தையிலிருந்து வரும் மாட்டிறைச்சியில் 17 கிலோ, ஆட்டிறைச்சியில் 20 கிலோ, கோழியில் 5.7 கிலோ, முட்டையில் 4.2 கிலோ, பருப்பு வகைகளில் 0.84 கிலோ. பருப்போடு கப்பலையும் சேர்த்தாலும் ஒரு கிலோவை எட்டவில்லை. உணவின் மொத்த வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு 6 வீதம் அளவில்தான் இருக்கிறது. மாட்டிறைச்சியில் அது ஒரு வீதத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே எங்கிருந்து வந்தது என்பதைவிட எதை உண்கிறோம் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

இரண்டாவது மறுப்பில் நியாயம் உண்டு. 50 கிலோ என்ற எண்ணில் தென்னமெரிக்கக் காடழிப்பும், இறைச்சிக்காகவே பராமரிக்கப்படும் பெரிய மந்தைகளும் அடங்கியுள்ளன. நம் நாட்டில் இறைச்சிக்கு வருபவை பெரும்பாலும் பால் வற்றிய பசுக்களும் பண்ணைக்கு வேண்டாத ஆண் கன்றுகளுமே. எனவே ஒப்பிடப் பொருத்தமானது 17 என்ற எண்தான். கூட்டத்தில் 50ஐச் சொல்லி வாதிடாதீர்கள் என்று உங்களை வேண்டுகிறேன். மிகைப்படுத்திய எண் ஒன்று வெளிப்பட்டால் உண்மையான வாதமும் அதனோடு சேர்ந்து விழுந்துவிடும். அதே ஆய்வில், பால்மாட்டு மந்தை இறைச்சியில் மிகக் குறைந்த பாதிப்புடைய பத்து வீதத்தை எடுத்துக்கொண்டாலும், அது பட்டாணியைவிட 36 மடங்கு வாயுவை வெளியேற்றி, 6 மடங்கு நிலத்தைப் பிடிக்கிறது.

புல் மேய்ந்த மாடு தூய்மையானது என்ற எண்ணத்தையும் சற்று ஆராய வேண்டும். மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைச் சிதைக்கும்போது மெதேன் உண்டாகிறது, மாடு அதை ஏப்பமாக வெளிவிடுகிறது. உணவில் நார் கூடக்கூட மெதேனும் கூடும். மேய்ச்சலில் மட்டும் வளரும் மாடு எடை கூடப் பல ஆண்டுகள் எடுப்பதால், ஒவ்வொரு கிலோ இறைச்சிக்கும் அது வெளியிட்ட மெதேன், தீவனம் உண்டு விரைவில் வளர்ந்த மாட்டினதைவிட அதிகமாகவே இருக்கும். புல்லிலிருந்து வந்த காபன்தானே காற்றுக்குத் திரும்புகிறது என்று சிலர் கேட்பதுண்டு. திரும்புவது மெதேனாகத் திரும்புகிறது என்பதுதான் சிக்கல். நூறு ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப்போல் 27 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவிலும் புவியைச் சூடாக்குகிறது. அதேவேளை வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளில் அது சிதைந்துவிடுவதால், மந்தைகள் குறைந்தால் பலனை நம் வாழ்நாளிலேயே காணலாம். இதை மிகுந்த நம்பிக்கை தரும் செய்தியாகவே நான் பார்க்கிறேன்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். உலகின் விவசாய நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைக்கும் அதன் தீவனத்துக்கும் பயன்படுகிறது. அங்கிருந்து நமக்குக் கிடைப்பது மொத்தப் புரதத்தில் 37 வீதம், கலோரியில் 18 வீதம் மட்டுமே. சோயாவால் அமேசன் அழிகிறது என்று சோயா மீற்றைக் குறைகூறுவோர், உலகச் சோயாவில் முக்கால் பங்கு விலங்குத் தீவனமாகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீரைப் பற்றிக் கூறும்போது மட்டும் கவனமாக இருங்கள். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,415 லீற்றர் நீர் என்று சுவரொட்டிகளில் காணப்படும் எண், மெக்கொனன், ஹூக்ஸ்ட்ரா ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வருவது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புல்லிலும் தீவனப் பயிரிலும் விழுந்த மழைநீர். அந்த எண்ணை மட்டும் தனியே காட்டுவது முறையாகாது.


மறுமொழி – மருதானை வாசகர்

சகோதரி, உங்கள் முயற்சியை வரவேற்கிறேன். களனிக்கரை ஐயாவின் கணக்கையும் ஏற்கிறேன். ஆயினும் மாட்டிறைச்சி உண்ணும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற வகையில் இரண்டு விடயங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

மாட்டிறைச்சியைப் பற்றிய பேச்சு நம் நாட்டில் சுற்றுச்சூழலோடு மட்டும் நிற்பதில்லை என்பதை எல்லோரும் அறிவோம். 2020 செப்தெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, இறைச்சி உண்போருக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவதும் அதே யோசனையில் அடங்கியிருந்தது. புவி வெப்பமடைதலைக் கருதிய எவரும் அப்படி ஒரு யோசனையை முன்வைக்க முடியாது. பால்மாட்டு இறைச்சியை விலக்கிவிட்டு, ஐயா குறிப்பிட்ட 50 கிலோ வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக்கூடிய வழி அது. எனவே உங்கள் அலுவலகத்தில் எந்த ஒரு சமூகத்தின் உணவும் குறிவைக்கப்பட்டதாக எவரும் உணராதவாறு இதைச் செய்யுங்கள். 'மாட்டிறைச்சி இல்லாத நாள்' என்று பெயரிடாமல், 'பயறு நாள்' என்றோ 'கடலை நாள்' என்றோ அறிவியுங்கள்.

அடுத்தது பால். பசு பால் தரவேண்டுமானால் கன்று ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் பாதி ஆண். அந்தக் கன்றையும் பால் வற்றிய பசுவையும் விற்ற பணத்தில்தான் சிறு பண்ணையாளர் அடுத்த மாட்டை வாங்குகிறார். அவற்றை அறுக்காமல் வைத்திருந்தாலும் அவை வாழும் காலமெல்லாம் புல் உண்டு மெதேன் வெளியிடும். பால் அருந்துவோர் எவரும் இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. இறைச்சிக் கறியை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் பாலாடைக்கட்டியைச் சமைத்தால் சூழலுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் யாரேனும் கூறுங்கள்.


மறுமொழி – களனிக்கரை

மிகச் சரியான கேள்வி. பாலாடைக்கட்டியின் சராசரி 100 கிராம் புரதத்துக்கு 11 கிலோ. கோழியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இறைச்சி இல்லாத உணவு என்பதாலேயே அதன் சுமை குறைந்துவிடுவதில்லை. மாற்றுணவாகப் பருப்பும் பயறும் கடலையும் வந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும்.

நூறு பேர் உண்ணும் ஒரு வேளைக்கும் கணக்கிட்டுத் தருகிறேன். ஒருவருக்கு 20 கிராம் புரதம் என்று வைத்தால், வெளியாகும் வாயு பால்மாட்டு மந்தை இறைச்சியில் 3.4 கிலோ, கோழியில் 1.1 கிலோ, பருப்பில் 0.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இறைச்சியிலிருந்து பருப்புக்கு மாறும் ஒரு நாளில் நூறு பேருக்கு 320 கிலோ அளவில் வாயு வெளியேறாமல் மிஞ்சும். கோழிக்கு மட்டும் மாறினாலும் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மிஞ்சிவிடும். கூட்டத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தால் அதுவும் ஒரு நல்ல இடைவழியே. பக்கத்தில் இருக்கும் சோற்றையும் மறக்க வேண்டாம். நீர் தேங்கிய வயலிலும் மெதேன் உண்டாகிறது. 100 கிராம் அரிசிக்குச் சுமார் 0.45 கிலோ, அதாவது அதே தட்டிலுள்ள பருப்பைவிட அதிகம். மிஞ்சும் சோற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் அளவாகச் சமைப்பது, பருப்பு எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதைவிடக் கூடிய பலன் தரும்.


மறுமொழி – உணவியல் மாணவி

குருதிச்சோகை உள்ள தோழியின் கேள்விக்கு விடையளிக்க முயல்கிறேன், ஏனெனில் சூழலைப் பற்றிய உரையாடல்களில் இக்கேள்வி பெரும்பாலும் கைவிடப்படுகிறது. இறைச்சியிலுள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதி நம் உடல் எளிதாக உறிஞ்சும் வடிவில் இருக்கிறது. பருப்பில் இரும்பு தாராளமாக உண்டு, ஆனால் அதிலுள்ள பைற்றேற்று என்னும் பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு நம் சமையலிலேயே வழிகள் இருக்கின்றன. கடலையையும் கௌபியையும் முதல்நாள் இரவே ஊறவைப்பது, பயற்றை முளைகட்டுவது, கறியை இறக்கிய பின் தேசிக்காய் பிழிவது, பக்கத்தில் பச்சைக் கீரைச் சுண்டலோ வல்லாரைச் சம்பலோ வைப்பது ஆகிய அனைத்தும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். தேயிலையிலுள்ள தனின் இரும்பை உடலில் சேரவிடாது. இவ்வளவையும் கடைப்பிடித்தாலும், குருதிச்சோகை உறுதிசெய்யப்பட்டவர் மருத்துவரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஏனைய நாட்களில் அவர் உண்ணும் இறைச்சியை எவரும் குறைகூறலாகாது.

பருப்பின் புரதம் தரம் குறைந்தது என்பதும் பாதி உண்மையே. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களுள் பருப்பில் மெதியோனின் குறைவு, லைசின் நிறைவு. அரிசியில் லைசின் குறைவு, மெதியோனின் போதியளவு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. விற்றமின் பி12 மட்டும் தாவர உணவில் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள் மாற்றத்தால் எவருக்கும் அதில் குறை வராது. முழுமையாக மாற விரும்புவோர் முட்டை, பால், நெத்தலி என்று ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அந்த விற்றமினை மாத்திரையாக எடுக்க வேண்டும்.

சமையற்காரரிடம் ஒன்றை வலியுறுத்துங்கள். இறைச்சிக்குப் பதிலாகப் பிஞ்சுப் பலாக்காய்க் கறி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவையில் அது சிறந்ததுதான், சூழலுக்கும் நல்லது. ஆனால் 100 கிராமில் 2 கிராம் அளவில்தான் புரதம் இருக்கும். பலாக்காய் வைக்கும் நாளில் தட்டில் பருப்போ கடலையோ தனியே இருக்க வேண்டும். மதியம் புரதம் குறைந்தால் நான்கு மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும், குறை உங்கள் திட்டத்தின் மீது வரும்.

எரிவாயுவையும் பாருங்கள். ஊறவைக்காத கடலை வேக வெகுநேரம் எடுக்கும். சாதாரண வீட்டு அடுப்பு ஒரு மணி நேரத்தில் 150 கிராம் அளவில் வாயுவை எரித்தால், அதிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காபனீரொட்சைட்டு வெளிவரும். ஒரு கிலோ பருப்புக்குக் கப்பல் சேர்த்ததைவிட அது அதிகம். இரவு முழுக்க ஊறவைத்து, பிரெஷர் குக்கரில் அவித்தால் அதில் பாதிக்கு மேல் மிஞ்சும். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற கொழும்பு மக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.


மறுமொழி – வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. மருதானைச் சகோதரர் கூறியவாறே பெயரிடுவேன். இறைச்சி வேண்டுவோருக்கு மற்ற நாள் அப்படியே இருக்கும் என்றும் அறிவிப்பேன். இன்னும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கப்பலின் பங்கு சிறிது என்பது புரிந்தது. ஆயினும் உள்நாட்டில் விளையும் பயற்றையும் கௌபியையும் வாங்குவதால் சூழலுக்கு மேலதிக நன்மை உண்டா? விலை கூடுதலாக இருப்பதால், காரணம் வலுவாக இருந்தால் மட்டுமே சங்கம் சம்மதிக்கும்.


மறுமொழி – பயறுவயல்

நான் உலர்வலயத்தில் வயல் உள்ள குடும்பத்தில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்பவன். உண்டு என்பதே என் விடை. அதன் காரணம் மண்ணில் இருக்கிறது.

பயற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு மணிகள்போல முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால் அதிலுள்ள றைசோபியம் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நெல்லுக்கு நாம் மூட்டை மூட்டையாக வாங்கும் யூரியாவின் வேலையை அது இலவசமாகச் செய்கிறது. யூரியாவை உற்பத்தி செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். வயலில் இட்ட பின் அதில் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக மாறுகிறது. அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்கு அளவில் வெப்பமூட்டும் வாயு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு நெல் விளைச்சல் வீழ்ந்தபோது, நம் வயல்கள் எவ்வளவு தூரம் வெளிநாட்டு யூரியாவைச் சார்ந்திருக்கின்றன என்பதை நாடே கண்டது. பசளையை ஒரே நாளில் நிறுத்துவது வழியல்ல. பயறு வகைகளைப் பயிர்ச்சுழற்சியில் சேர்த்து, அதன் தேவையைப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி.

பயறு இரண்டு மாதங்களில் காய்த்துவிடும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் வயல் சும்மா கிடக்கும் காலத்தில், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே அதை விளைவிக்கலாம். புதிதாக ஓர் அங்குலக் காட்டையும் வெட்ட வேண்டியதில்லை. விவசாயத் திணைக்களமும் இந்த இடைப்போகப் பயிர்ச்செய்கையை ஊக்குவிக்கிறது. மஹஇலுப்பள்ளமையில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றில் புதிய இனங்களை வெளியிட்டு வருகிறது.

விலை ஏன் கூடுகிறது என்பதையும் சங்கத்துக்கு விளக்குங்கள். பயற்றின் காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஒரே வயலில் மூன்று தடவைகூடக் கையால் பறிக்க வேண்டியிருக்கும், கூலி அங்கேயே போய்விடும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் வந்தால் வயல் முழுதும் மஞ்சளாகிவிடும். மயிலும் குரங்கும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். 2020இல் பயறு, உழுந்து போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விலை ஏறி, நுகர்வோர் துன்பப்பட்டனர். தடையால் மட்டும் உற்பத்தி பெருகிவிடாது. நிச்சயமாக வாங்குவோர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் விவசாயி விதைப்பார். நூறு பேருக்குச் சமைக்கும் ஓர் அலுவலகம் மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு எடுப்பதாக ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு உறுதி அளித்தால், அது அவர்களுக்குப் பெரும் பலம்.

எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மைசூர் பருப்பு நம் காலநிலைக்கு உரிய பயிர் அல்ல; அது இறக்குமதியாகவே இருக்கட்டும். மாதத்தில் இரண்டு வாரம் பருப்பும் கடலையும், மற்ற இரண்டு வாரம் உள்ளூர்ப் பயறும் கௌபியும் என்று வைத்தால் செலவும் தாங்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பயற்றிலும் கௌபியிலும் வண்டு மிக எளிதாக விழும், அதன் முட்டை வயலிலேயே காயில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மணிகளில் சிறு வட்டத் துளைகள் தெரிந்தால் அந்த மூட்டையை ஏற்க வேண்டாம். நல்ல மூட்டையானாலும் இன்னொரு முறை வெயிலில் காயவைத்து, ஆறிய பின் காற்றுப் புகாத வாளிகளில் அடைத்து வையுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் சாக்கோடு விட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அறுவடை முடிந்தவுடன் எங்கள் பக்கத்து விவசாயிகள் சங்கத்தில் விலை கேட்டு இங்கேயே எழுதுகிறேன். உங்களுக்கு மாதம் எத்தனை கிலோ வேண்டும் என்பதை மட்டும் கணக்கிட்டு வைத்திருங்கள்.